புள்ளி வைத்த பக்கம்

உங்கள் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, சார். சும்மா உட்கார்ந்தால் தெரியாது. சாய்ந்தால்தான் தெரியும். ஒரு அட்டையை நாலாக மடித்து அடியில் வைத்தால் சரியாகிவிடும். குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எது எவ்வளவு குட்டை என்று பார்த்தே இருபத்திரண்டு வருஷம் சம்பளம் வாங்கியவள் நான். கண்ணில் பட்டால் வாயில் வந்துவிடும்.

என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்து அறையில் இருப்பவள் என் ஓர்ப்படி. என் வீட்டுக்காரருடைய தம்பி பெண்டாட்டி. கம்பெனியில் எல்லாருக்கும் இஞ்சினியரம்மா. போன ஞாயிற்றுக்கிழமை படகுத்துறை நடைபாலம் விட்டுப்போய் நாலு பேர் போய்ச்சேர்ந்தார்களே, அதற்காக நேற்றிலிருந்து அவளை இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள். அவள் உங்களிடம் என்னென்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். எப்படி என்று கேட்காதீர்கள். உங்களுக்கு டீ கொண்டுவருகிறவரின் மச்சினி எங்கள் தெரு. அவள் சொன்னதில் ஒரே ஒரு வாக்கியம் தப்பு. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரிடமும் விசாரிக்கிற சிரமம் உங்களுக்கு வேண்டாம். முதுகுக்குப் பின்னால் என்னை ‘ரேடியோ’ என்பார்கள். நான் கோபித்துக்கொண்டதில்லை. வம்பு வேறு, விசாரிப்பு வேறு. நான் விசாரிக்கிறவள். எதிர்வீட்டுத் தையல்காரிக்கு முதுகுவலி என்றால் மாத்திரை வாங்கிப்போவதும் நான்தான், அந்த முதுகுவலி எதனால் வந்தது என்று அடுத்த தெருவுக்குச் சொல்வதும் நான்தான். நாலு பேருக்குத் தெரிந்தால்தானே நாலு பேர் உதவிக்கு வருவார்கள்? தெரிந்த விஷயத்தை ஒருநாளும் மறைத்தவள் இல்லை. மறைக்கிற வழக்கமே எங்கள் வம்சத்தில் கிடையாது.

எங்கள் வீட்டில் மாடியில் அவர்கள், கீழே நாங்கள். தெருவுக்கு இறங்க அவர்களுக்குத் தனி வழி உண்டு. வீட்டுக்குள்ளே நடுவில் பதினாறு படி. அவள் கல்யாணமாகி வந்த புதிதில் அந்தப் படிகளில் செருப்புச் சத்தம் ஓயாது. படித்த பெண். வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று முதலாளியிடம் பேசி வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். ஒரே வருஷத்தில் எனக்கு மேலே போய்விட்டாள். பொறாமையா என்று கேட்பீர்கள். கிடையவே கிடையாது. “எங்க வீட்டுப் பொண்ணு” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் வேலை உங்களுக்குப் புரிய வேண்டும். ஒட்டுகிற வேலை என்றால் நெருப்புப்பொறி பறக்கும், முகமூடி போடுவார்கள் என்று நினைப்பீர்கள். எங்களிடம் அதெல்லாம் இல்லை. இரண்டு அலுமினியத் தகடுகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து மேஜையில் இறுக்கிவிடுவோம். ஒன்று கெட்டி, ஒன்று மெத்து. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள், குணம்தான் வேறு. மாறிப்போகாமல் இருக்க மூலையில் கெட்டிக்குச் சிவப்பும் மெத்துக்கு நீலமும் தீட்டியிருக்கும். இரண்டும் சேர்கிற கோட்டின்மேல் ஒரு உருக்குக் கருவி சுழன்றுகொண்டே இறங்கும். அதன் நுனியில் திருகாணி போல ஒரு முனை உண்டு. நாங்கள் அதை மூக்கு என்போம். மூக்கு உள்ளே புகுந்து தேய்க்கிற சூட்டில் அலுமினியம் உருகாது. பிசைந்த மாவு மாதிரி இளகும். இளகினதைக் கலக்கிக்கொண்டே மூக்கு நகரும். அது போன வழியில் இரண்டும் ஒன்றாகியிருக்கும். மூக்கை நுழைத்தால்தான் ஒட்டும் என்பது எங்கள் தொழிலின் தர்மம். என்னைக் குறை சொல்கிறவர்கள் அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

அந்த மூக்கு தகட்டின் அடிவரைக்கும் எட்ட வேண்டும். தேய்ந்து அரை மில்லிமீட்டர் குட்டையானாலும் மேலே ஒட்டும், அடியில் ஒட்டாது. இரண்டு ஓரமும் தொட்டுக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். மேலே பார்த்தால் வழவழவென்று இருக்கும். எக்ஸ்ரே படமெடுத்துப் பார்த்தாலும் பல நேரம் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி, நான்.

ஒவ்வொரு பலகையின் ஓரத்திலிருந்தும் விரல் அகலத்துக்கு இரண்டு துண்டு வெட்டுவேன். இரண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். தேய்த்த பிறகு மேல் எது, அடி எது என்று வெறுங்கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. வெட்டினவளுக்குத்தான் தெரியும். அதனால் அடிப்பக்கத்தில் மையால் ஒரு புள்ளி வைப்பேன். பிறகு மடக்குவேன். ஒரு துண்டை மேல்பக்கம் வெளியே வரும்படியும், இன்னொன்றைப் புள்ளி வெளியே வரும்படியும். அடி ஒட்டாமல் இருந்தால் இரண்டாவது துண்டு வாயைப் பிளக்கும். முதல் துண்டு பிளக்காது, அதன் அடிப்பக்கம் உள்ளே நெருக்கிக்கொண்டு கமுக்கமாக இருக்கும். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் என் வேலை. மடக்குவது.

ஆறு மாசத்துக்கு முன்னால் அவள் நாலு நாள் லீவு போட்டாள். மூன்று மாசக் கரு கலைந்துவிட்டது. வீட்டில் எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது, பாவம். எனக்கு மனசு கேட்கவில்லை. நாலே நாலு பேரிடம்தான் சொன்னேன், அதுவும் சாப்பாட்டு அறையில், ரகசியமாக. அவர்களில் இரண்டு பேர் ஏற்கெனவே ஊகித்திருந்தார்கள். அவள் வேலைக்குத் திரும்பிய அன்று மிஷின் ஓட்டுகிறவர், ‘அவசரம்’ என்று அவருக்குப் பேர், சாப்பாட்டு மணி அடிக்குமுன்பே கை கழுவியிருப்பார், அவர் போய் அவளிடம், “கவலப்படாதம்மா, அடுத்தது நிக்கும்” என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். நல்ல மனுஷர்தான். இடம் பொருள் தெரியாது.

அவள் நேரே என் மேஜைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது.

“அக்கா, ரேடியோவைக் கொஞ்சம் அணைச்சு வைங்க.”

“என்னம்மா, நான் என்ன…”

“இனிமே என்கிட்ட வாயால எதுவும் சொல்ல வேண்டாம். என்னைப் பத்தி யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். பார்க்கிறதை எழுதி தட்டுல வைங்க. நான் படிச்சுக்கிறேன்.”

பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எண்ணினேன். ஸ்டோர்காரர் வாயைப் பொத்திக்கொண்டார், அவசரம் பொத்திக்கொள்ளவில்லை. நானும் சிரித்தேன், சார். சின்னப் பெண், ஏதோ வருத்தத்தில் சொல்கிறாள், நாம்தான் பெரியவர்கள். “சரிம்மா, அப்படியே ஆகட்டும்” என்றேன். ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான் எனக்கு. அன்றிலிருந்து அவளிடம் நான் வாயால் எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பதினாறு படியிலும் சத்தமில்லை.

பிறகு நடைபால ஆர்டர் வந்தது. கரையிலிருந்து மிதவைக்கு எட்டுப் பலகை. ஓரச்சட்டம் கெட்டி அலுமினியம், நடக்கிற தரை மெத்து. இரண்டையும் சேர்த்து ஒட்ட வேண்டும். கருவி சுழலும்போது ஒரு பக்கம் போகிற திசையோடு ஓடும், மறுபக்கம் அதை எதிர்த்து ஓடும். கெட்டியை எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் சூட்சுமம். நாங்கள் காலம்காலமாக வலப்பக்கம் வைத்தோம். அவள் ஏதோ கணக்குப் போட்டு இடப்பக்கம் மாற்றினாள். உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு நேர்த்தியான ஒட்டை நான் பார்த்ததில்லை. முதல் இரண்டு பலகைத் துண்டும் என் கையில் வெண்ணெயாக மடங்கின. ஒரு கீறல் கிடையாது. எதிரியாக இருந்தாலும் நல்லதை நல்லது என்று சொல்லிவிட வேண்டும். எதிரி என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

ஒரே ஒரு சங்கடம். அந்த மாதிரி வைத்தால் மூக்கு சீக்கிரம் தேயும். வாரம் ஒருமுறை அளந்தது போய், தினம் காலையில் அளக்க வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டினாள். ஒட்டிவிட்டு மூன்று நாள் லீவில் போய்விட்டாள். போகும்போது அவசரத்திடம் சொன்னது என் காதில் விழுந்தது.

“மறக்காம அளந்துடுங்கண்ணே. நீங்க மறந்தாலும் அக்கா மடக்கிப் பார்த்துட்டுத்தான் அனுப்புவாங்க. அந்த ஒரு நிம்மதி இருக்கு.”

எதற்கு லீவு என்று எனக்குத் தெரியாது. கவனியுங்கள், சார். ஒரே வீடு, ஒரே தண்ணீர்த்தொட்டி, எனக்குத் தெரியாது. தையல்காரி என்னைக் கேட்கிறாள், “என்னக்கா, மாடியில ஆளையே காணோம்?” பதில் சொல்ல எனக்கு வாயில்லை. அந்த அவமானத்தை எந்தக் கோர்ட்டில் சொல்வது? பிறகுதான் தெரிந்தது, அவளுடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷனாம். கண் ஆபரேஷன். அதைச் சொன்னால் நான் என்ன செய்துவிடப் போகிறேன்?

அவசரம் அளக்கவில்லை. கண்ணால் பார்த்தார், “நல்லாத்தான் இருக்கு” என்றார், ஓட்டினார். மூன்றாம் பலகைத் துண்டைப் புள்ளி வெளியே வரும்படி வைத்து மடக்கினேன். பாதி மடங்கும்போதே நீளத்துக்கும் வாயைப் பிளந்தது. உள்ளே இரண்டு ஓரமும் வெட்டின நாளில் இருந்த பளபளப்போடு அப்படியே இருந்தன. மூக்கு அவற்றைத் தொடவே இல்லை.

எடுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும் என்பீர்கள். யாரிடம் ஓடுவது? அவள் லீவில். வந்தாலும் வாயால் எதுவும் வேண்டாம் என்றவள். சரி, எழுதலாம். என் தாளில் நாலு கட்டம் உண்டு. பலகை எண், கனம், மடக்கிய கோணம், சரியா இல்லையா. ‘இல்லை’ என்று எழுத பேனாவைக் கையில் எடுத்தேன். அப்போது எனக்கு ஒரு நியாயமான யோசனை வந்தது. இவள் என்னை மதிக்கவில்லை, ஆனால் என் மடக்கலை நம்பிக்கொண்டிருக்கிறாள். நான் வேண்டாம், என் கை மட்டும் வேண்டுமாம். கை வேண்டுமென்றால் கையிடமே கேட்டுக்கொள்ளட்டுமே. இருந்தாலும் நான் கல்நெஞ்சக்காரி இல்லை. அவள் திரும்பி வந்து, “அக்கா, அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், துண்டை எடுத்து நீட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். அதுவரைக்கும்தான்.

மூன்றாம் பலகையிலிருந்து இன்னொரு துண்டு வெட்டினேன். தேய்த்தேன். புள்ளியை மறுபக்கத்தில், அடிக்குப் பதில் மேல்பக்கத்தில், வைத்தேன். மடக்கினேன். அழகாக மடங்கியது. நாலு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, எல்லாவற்றுக்கும் அப்படியே. தட்டில் வரிசையாக வைத்தால் எல்லாத் துண்டும் ஒரே மாதிரி இருந்தன. யார் பார்த்தாலும் குற்றம் சொல்ல முடியாது.

அவள் வந்தாள். வந்த அன்றே மூக்கை அளந்தாள். அரை மில்லி குட்டை. அவசரத்தை ஏசு ஏசென்று ஏசினாள், மூக்கை மாற்றினாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் படியில் இறங்கி வந்தாள். ஆறு மாசத்துக்குப் பிறகு அந்தப் படியில் அவள் செருப்புச் சத்தம். நான் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா, நான் இல்லாதப்ப ஓட்டின ஆறு பலகை… மடக்கினதுல ஏதாச்சும் தெரிஞ்சுதா?”

“எழுதித் தட்டுல வச்சிருக்கேனேம்மா.”

“பார்த்தேன்க்கா. எல்லாம் சரின்னு இருந்துச்சு. ஆனாலும் மனசு அடிச்சுக்குது. ஆறையும் ஒடச்சுப் போட்டுட்டு மறுபடி ஓட்டலாமான்னு தோணுது.”

நான் வாளியைப் பார்த்தேன். அவள் ஒரு படி கீழே இறங்கினாள்.

“அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாதுக்கா. எனக்கு அப்ப புத்தி என்கிட்ட இல்ல. மனசுல வச்சுக்காதீங்க.”

ஆமாம், சார். சொன்னாள். நான் கேட்ட அதே வார்த்தைதான். மறுக்கவில்லை. ஆனால் நீங்களே சொல்லுங்கள், திட்டினது பன்னிரண்டு பேர் முன்னால். மன்னிப்பு கேட்டது ஒரு வாளி முன்னால். இது எந்த ஊர் நியாயம்? கணக்கு சரியாக வரவில்லையே.

“அதெல்லாம் நான் அன்னிக்கே மறந்துட்டேன், போ” என்றேன்.

“அப்ப நீங்க பார்த்திருந்தா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள். மறுநாள் எட்டுப் பலகையும் லாரி ஏறின.

அதற்கப்புறம் பாலம் திறக்கப் பதினோரு நாள் இருந்தது. பதினோரு நாளும் காத்திருந்தேன். சாப்பாட்டு அறையில் எல்லாரும் இருக்கும்போது வேண்டுமென்றே அவளுக்கு எதிரே போய் உட்காருவேன். சந்தர்ப்பம் கொடுக்க வேண்டுமில்லையா? அவள் நன்றாகத்தான் சிரித்தாள், குழம்பைக்கூட என் பக்கம் நகர்த்தி வைத்தாள். கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை. என் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திறப்பு. தெருவே புதுச்சட்டை போட்டுக்கொண்டு கிளம்பியது. என் வீட்டுக்காரரும் கிளம்பினார். அவருடைய மூக்குக்கண்ணாடியைச் சர்க்கரை டப்பாவுக்குள் போட்டுவிட்டேன். பாவம், மத்தியானம் வரைக்கும் தேடிக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாமல் கூட்டத்துக்குப் போனால் யாராவது தள்ளிவிடுவார்கள், அந்தக் கவலைதான் எனக்கு.

தையல்காரி என் வாசலில் நின்றாள். தானே தைத்த ரவிக்கை, கழுத்து கொஞ்சம் இறக்கம். “நீங்க வரலையாக்கா?” என்றாள். இடுப்புவலி என்றேன். பத்து நிமிஷம் நின்றாள். பத்து நிமிஷத்தில் ஏழு வீட்டு விஷயம் சொல்லிவிடுவேன் நான். வீட்டுச் சொந்தக்காரர் பல்செட் மாற்றினதைச் சொன்னேன். ஸ்டோர்காரரின் மருமகள் கோபித்துக்கொண்டு போனதைச் சொன்னேன். அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். “வந்து மிச்சத்தைக் கேக்குறேன்க்கா, நேரமாச்சு, முன்னாடி போனாத்தான் நிக்க இடம் கிடைக்கும்” என்றாள். “ஆமாம், சீக்கிரம் போ” என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் கேட்கவில்லையே.

ஐந்தாம் பலகை. தையல் பிரிகிற மாதிரி நீளவாக்கில் விட்டதாம். கரைச்சுவருக்கும் மிதவைக்கும் நடுவில் விழுந்திருக்கிறார்கள். தையல்காரி. டிக்கெட் கிழிக்கிறவர், அவருக்கு வருகிற மாசம் ஓய்வு. அப்புறம் ஒரு அப்பா, அவர் தோளில் உட்கார்ந்திருந்த பெண்குழந்தை. அந்த இரண்டு பேர் மட்டும் வெளியூர். அவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

சாவு வீட்டுக்கெல்லாம் முதலில் போனது நான்தான், கேட்டுப் பாருங்கள். தையல்காரி வீட்டில் மூன்று நாளும் அடுப்பு எரிய வைத்தது நான். ஓர்ப்படியை உங்கள் ஆட்கள் ஜீப்பில் ஏற்றினபோது தெரு பேசியது, “மூக்கு குட்டைன்னு தெரிஞ்சும் அனுப்பிட்டாளாம்” என்று. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. தன்னைப் பற்றி யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாளே. கொழுந்தன் மாடியில் சாப்பிடாமல் கிடந்தான், தட்டை மூடிப் படியில் வைத்துவிட்டு வந்தேன். பேசாமலே இருந்துவிட்டுப் போயிருப்பேன், சார். இன்று காலை டீக்காரரின் மச்சினி வந்து அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால்.

நேற்று நீங்கள் அவளிடம் அந்தத் துண்டுகளைக் காட்டியிருக்கிறீர்கள். எல்லாம் ஒரே பக்கமாக மடக்கப்பட்டிருக்கின்றன என்று உங்கள் ஆள் பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். அவள் பார்த்ததும் அழுதாளாம். அழுதுவிட்டுச் சொன்னாளாம், “அக்கா மேல தப்பு இல்லீங்க. அவங்களுக்கு அதெல்லாம் தெரியாது. மடக்கச் சொன்னா மடக்குவாங்க, அவ்வளவுதான். பக்கம் மாறினது அவங்களுக்குப் புரிஞ்சிருக்காது. நான்தான் கூட நின்னு பார்த்திருக்கணும்.”

அவங்களுக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷம், சார். தலைமுடி அளவு கீறலை விரல் நகத்தால் தடவிச் சொல்லிவிடுவேன். அந்தக் கம்பெனியில் மூக்கு குட்டை என்பதை அளக்காமலே கண்டுபிடித்த ஒரே ஆள் நான். அவசரத்துக்குத் தெரியவில்லை, இஞ்சினியரம்மாவுக்கு அளந்த பிறகுதான் தெரிந்தது. எனக்குத் துண்டு பாதி மடங்கும்போதே தெரிந்தது. என்னைப் போய் விவரம் தெரியாதவள் என்று ஒரு அரசாங்க அறையில் வைத்து அவள் சொல்லலாமா? எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வேன், இது எப்படிப் பொறுப்பது?

சாட்சி வேண்டுமென்றால் இதோ. மூன்றாம் பலகையில் முதலில் வாய் பிளந்த அந்தத் துண்டு. இத்தனை நாளாக என் சமையலறை ஜன்னல் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்தேன். புள்ளி எந்தப் பக்கம் இருக்கிறது, வாய் எந்தப் பக்கம் பிளந்திருக்கிறது, பாருங்கள். என் கையெழுத்தில் எண் இருக்கிறது, தேதி இருக்கிறது. தெரியும் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆறு பலகையிலும் தெரிந்தே புள்ளியை மாற்றினேன். அவள் படியில் நின்று கேட்டபோதும் தெரியும். தையல்காரி வாசலில் நின்று சிரித்தபோதும் தெரியும். கையெழுத்து எங்கே போட வேண்டும், இங்கேயா?

ஒரே ஒரு வேண்டுகோள். இது நமக்குள்ளேயே இருக்கட்டும், சார். டீக்காரர் வருகிற நேரம், கதவைச் சாத்திவிடுங்கள். வெளியே தெரிந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். எனக்கு வம்பு என்றாலே பிடிக்காது.